கௌபாய் கதைகளில் முரட்டு ஆண்மைக்கும் மறைத்துவைத்த ஒருபால் ஈர்ப்புக்கும் என்ன தொடர்பு?

பல கதைகளில் அந்த முரட்டுத்தனமே ஈர்ப்பை மறைக்கும் கவசம். தாமஸ் சாவேஜ் 1967-ல் எழுதிய 'தி பவர் ஆஃப் தி டாக்' நாவலைப் பாருங்கள். கதைக்களம் 1920-களின் மொன்டானா, அமெரிக்காவின் ஒரு மாநிலம். பண்ணைக்காரன் ஃபில் கையுறை போடமாட்டான். காளைக்கு வெறுங்கையால் காயடிப்பான். தம்பி மனைவியின் மகன் பீட்டர் காகிதப் பூ செய்பவன்; அவனைக் கண்டாலே ஃபிலுக்கு ஏளனம். அப்புறம்தான் தெரிகிறது, எப்போதோ இறந்துபோன தன் குருவான கௌபாய் பிராங்கோ ஹென்றி மீது ஃபில் வைத்திருந்த காதல். பீட்டரிடம் தன்னையே பார்த்ததால்தான் அவ்வளவு வெறுப்பு என்று நினைக்கிறேன். அதற்காக அவனை மன்னிக்க முடியாது. பீட்டரின் அம்மா ரோஸ் குடியில் விழுவதே அவன் தொல்லையால்தான். கடைசியில் நோயில் செத்த மாட்டின் தோலைப் பீட்டர் கொடுக்க, ஃபில் அதை வெறுங்கையால் கயிறாகப் பின்னுகிறான். கையிலிருந்த காயம் வழியே ஆந்த்ராக்ஸ் என்ற அந்தக் கால்நடை நோய் ஏறிச் சாகிறான். ஆண்மைக்கு அடையாளமாக அவன் காட்டிக்கொண்ட பழக்கமே அவனைக் கொல்கிறது.