மீஞ்சூர் பக்கம் நெல் நுனி கருகுகிறது: சாம்பலா, உப்பா?

கேள்வி: மீஞ்சூர் அருகே ஒன்றரை ஏக்கர் சம்பா போட்டிருக்கிறோம், 40 நாள் பயிர். அனல் மின் நிலையச் சாம்பல் இலையில் படிகிறது, சில நாள் வாய்க்கால் தண்ணீரும் சாம்பல் நிறமாக வருகிறது. இலை நுனி கருகுகிறது. கடையில் கொடுத்த மருந்து கேட்கவில்லை. சாம்பலை உரமாகப் போடலாம் என்கிறார்கள், போடலாமா? வரப்புப் புல்தான் இரண்டு கறவை மாட்டுக்கும்.

பதில்: அக்கா, முதலில் மருந்து அடிப்பதை நிறுத்துங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் அடி இலைகளின் நுனிதான் பழுப்பாகியிருக்கிறது, அதற்குக் கீழே நீள்வட்டமாகக் கரும்பழுப்புப் புள்ளிகள், ஆனால் குருத்து பச்சையாகவே நிற்கிறது. போரான் என்பது பயிருக்குத் துளியளவே தேவைப்படும் சத்து, அது அதிகமானால் நெல் இப்படித்தான் காட்டும். நம் நாட்டு நிலக்கரியை 100 கிலோ எரித்தால் 30-லிருந்து 40 கிலோ வரை சாம்பல் மிஞ்சும், அதைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் சாம்பல் குட்டைக்கு அனுப்பும்போது அதிலுள்ள போரான் சுலபமாகத் தண்ணீரில் இறங்கிவிடும். ஆனால் படத்தை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் உங்கள் பகுதியில் 1960களின் கடைசியிலேயே நிலத்தடியில் கடல்நீர் புகுந்துவிட்டது. உப்பாக இருந்தால் நுனி வெள்ளையாகக் காயும், வயலில் திட்டுத் திட்டாகப் பயிர் குட்டையாக நிற்கும். நடந்து பாருங்கள்.

வாய்க்கால் தண்ணீர், போர் தண்ணீர், வயல் மண் மூன்றையும் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டி எங்கே பரிசோதிப்பது என்று கேளுங்கள். உப்போடு போரானும் பார்க்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் விட்டுவிடுவார்கள். தண்ணீரைப் பிளாஸ்டிக் பாட்டிலில்தான் எடுக்க வேண்டும், சில வகைக் கண்ணாடியிலிருந்தே போரான் கசியும். போரான் லிட்டருக்கு 2 மில்லிகிராமைத் தாண்டினால் அந்தத் தண்ணீர் நெல்லுக்கு ஆகாது.

அதுவரை, தண்ணீர் நிறம் மாறி வரும் நாளில் மடையை அடைத்துவிடுங்கள். மழை பெய்தால் வயலில் தேக்கி வடித்துவிடுங்கள், இரண்டு மூன்று முறை செய்தால் நல்லது, போரானும் உப்பும் கழுவிப் போக நல்ல தண்ணீரை விட்டால் வேறு வழியில்லை. இலையில் படிந்த தூசி வெயிலை மறைக்கும், மூச்சுத் துளையை அடைக்கும். கைத்தெளிப்பானில் வெறும் தண்ணீர் அடித்தாலே போதும், ஆனால் பூக்கும் சமயத்தில் காலை 9 மணியிலிருந்து மதியம் வரை அடிக்காதீர்கள், அப்போதுதான் நெல் பூ விரியும்.

சாம்பலை உரமாகப் போடாதீர்கள். விறகடுப்புச் சாம்பலில் சாம்பல் சத்து (பொட்டாஷ்) உண்டு, நம் அம்மாக்கள் தெளித்ததும் அதைத்தான். இது நிலக்கரிச் சாம்பல், பெரும்பாலும் மணலும் அலுமினாவும்தான், கூடவே ஆர்செனிக், செலினியம் என்ற நச்சுப் பொருள்களும் இருக்கும். ஏற்கெனவே போரான் சந்தேகம் உள்ள வயலில் இன்னும் கொட்டவே கூடாது.

மாடுகள் விஷயத்தில்தான் எனக்கு அதிகக் கவலை. வாய்க்காலில் தண்ணீர் குடிக்க விடாதீர்கள். புல்லைத் தள்ளி இருக்கும் இடத்தில் அறுத்து, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி வடியவிட்டுப் போடுங்கள். கன்று, கிடாரி இருந்தால் முன்பற்களைப் பாருங்கள், பழுப்புக் கறையும் நடையில் நொண்டலும் இருந்தால் நிலக்கரியிலிருந்து வரும் ஃபுளோரைடு நஞ்சாக இருக்கலாம். உள்ளூர் கால்நடை மருத்துவரிடம் காட்டி, மாதவரம் கால்நடைப் பல்கலைக்கழகத்துக்கு மாதிரி அனுப்பச் சொல்லுங்கள். பால் பற்றியும் அங்கேயே கேளுங்கள்.

அப்புறம் ஒன்று, தண்ணீர் நிறம் மாறும் நாளில் ஒரு பாட்டில் பிடித்துத் தேதி எழுதி வையுங்கள், போனில் படமும் எடுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனு கொடுக்கும்போது பரிசோதனை முடிவோடு அதையும் சேர்த்துக் கொடுங்கள்.