ஹைதராபாத் சுற்றுலா: ஏஜென்டிடம் முன்பணம் நீட்டுவதற்கு முன்

கேள்வி: குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். அரையாண்டு விடுமுறையில் ஹைதராபாத் போய் ஊரைச் சுற்றிப் பார்த்து, நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று ஆசை. மாமனார் (66), மாமியார் (61, முழங்கால் வலி), நான், கணவர், பிள்ளைகள் இருவர் (13, 8), நாத்தனார் (47), கல்லூரியில் படிக்கும் அவர் மகள் என எட்டுப் பேர். மாமியார் சைவம். வேலூரில் ஒரு டிராவல்ஸ்காரர் ரயில் டிக்கெட், ரூம், வேன் எல்லாம் சேர்த்து 3 இரவு 4 பகலுக்கு 88,000 ரூபாய் கேட்கிறார். பாதியை இப்போதே கட்டினால்தான் டிக்கெட் கிடைக்கும் என்கிறார். கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம், சகோதரி. விலை கூடுதலா குறைவா என்பது அப்புறம். இப்போதே பாதிப் பணம் கொடுத்தால்தான் டிக்கெட் என்கிறாரே, அந்தப் பேச்சிலேயே கோளாறு இருக்கிறது.

ரயில்வே முன்பதிவு பயணத்துக்கு 60 நாள் முன்புதான் திறக்கிறது. முன்பு 120 நாளாக இருந்தது. 2024 நவம்பரிலிருந்து பாதியாகிவிட்டது. டிசம்பர் கடைசி வாரப் பயணத்துக்கு அக்டோபர் கடைசியில்தான் யாராக இருந்தாலும் டிக்கெட் எடுக்க முடியும். அதற்கு முன்பே "உங்களுக்கு எடுத்து வைத்திருக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், அவர் கையில் எதுவும் இல்லை என்று பொருள். உங்கள் பணம் மட்டும்தான் அவர் கையில் இருக்கும்.

அடுத்து, டிக்கெட்டை எந்த ஐடியில் எடுப்பார் என்று கேளுங்கள். அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் எடுத்தால் டிக்கெட்டிலேயே அந்த ஏஜென்சியின் பெயர் இருக்கும். பலர் அப்படிச் செய்வதில்லை. யாரோ ஒரு தனி ஆளின் ஐஆர்சிடிசி கணக்கில் எடுத்து, மேலே காசு வைத்து விற்கிறார்கள். ரயில்வே சட்டம் 143-ஆம் பிரிவின்படி இது குற்றம். பிடிபட்டால் அந்தக் கணக்கில் எடுத்த டிக்கெட்டுகளை முடக்கிவிடுவார்கள். காட்பாடி பிளாட்பாரத்தில் பெட்டி படுக்கையோடு நிற்பது நீங்கள். ஏஜென்டின் போன் அன்றைக்கு அணைந்திருக்கும்.

"கவலைப்படாதீங்க, தட்கல்ல போட்டுத் தர்றேன்" என்பார்கள். அதையும் நம்பாதீர்கள். தட்கல் முந்தின நாள் காலை ஏசிக்கு 10 மணிக்கும் ஸ்லீப்பருக்கு 11 மணிக்கும் திறக்கிறது. 2025 ஜூலையிலிருந்து முதல் அரை மணி நேரம் ஏஜென்ட்கள் பதிவு செய்யவே முடியாது. விடுமுறைக் கூட்டத்தில் அரை மணிக்குப் பிறகு என்ன மிஞ்சும்? அதோடு தட்கலில் ஒரு டிக்கெட்டுக்கு நான்கு பேர்தான், பெரியவர்களுக்கான ஒதுக்கீடும் கிடையாது.

ஆகவே நீங்களே எடுங்கள். ஐஆர்சிடிசி இணையதளத்தில் உங்கள் கணவர் பெயரில் கணக்குத் தொடங்கி ஆதாரை இப்போதே இணைத்து வையுங்கள். காலை 8 மணிக்கு முன்பதிவு திறந்ததும் ஆதார் இணைத்தவர்களுக்குத்தான் முதல் வாய்ப்பு. காட்பாடியில் நின்று செகந்திராபாத் போகும் சபரி எக்ஸ்பிரஸ் உங்களுக்கு வசதி. கிடைக்காவிட்டால் சென்னை போய், தாம்பரத்திலிருந்து கிளம்பும் சார்மினார் எக்ஸ்பிரஸ்.

இனி சொல்லப்போவதை மெதுவாகப் படியுங்கள். உங்கள் மாமியாரின் முழங்கால் இதில்தான் இருக்கிறது.

எட்டுப் பேருக்கும் ஒரே டிக்கெட் கிடையாது, ஒரு டிக்கெட்டில் ஆறு பேர்தான். நான்கு நான்காகப் பிரிக்கத்தான் எல்லாருக்கும் தோன்றும். பிரிக்காதீர்கள். மாமனார், மாமியார் இருவரை மட்டும் தனியே ஒரு டிக்கெட்டில் போடுங்கள். மீதி ஆறு பேர் இன்னொன்றில். காரணம் இதுதான். ஒவ்வொரு பெட்டியிலும் சில கீழ் பெர்த்துகளைப் பெரியவர்களுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். ஸ்லீப்பரில் ஆறேழு இருக்கும், மூன்றடுக்கு ஏசியில் நாலைந்து. ஆண் என்றால் 60 வயது, பெண் என்றால் 45 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஆனால் அந்த டிக்கெட்டில் தனி ஆளாகவோ, தகுதியுள்ள இருவராகவோ மட்டுமே இருக்க வேண்டும். மூன்றாவதாக ஒரு பேர் சேர்ந்தால் சலுகை போச்சு. இரண்டு பேர்தான் என்றாலும், அதில் ஒருவர் பேரனாக இருந்தால் அதுவும் போச்சு. தாத்தா தனியாகப் போக வேண்டாமே என்று பாசத்தில் பேரன் பெயரைச் சேர்ப்பார்கள். கம்ப்யூட்டர் தாத்தாவை மேல் பெர்த்தில் ஏற்றிவிடக்கூடும்.

உங்கள் நாத்தனாருக்கு 47 என்கிறீர்கள். அவருக்கும் இந்தத் தகுதி உண்டு. மாமனாருக்கு மேல் பெர்த் ஏறச் சிரமமில்லை என்றால் மாமியாரையும் நாத்தனாரையும் ஜோடியாகப் போடலாம். ராத்திரி கழிவறைக்குப் போகத் துணை ஆச்சு. ஆனால் மாமனார், மாமியார், நாத்தனார் மூவரையும் ஒன்றாகப் போடக் கூடாது. மூவருக்குமே தகுதி இருந்தும் கிடைக்காது! இணையத்தில் எடுக்கும்போது கோட்டா என்ற இடத்தில் 'லோயர் பெர்த் / சீனியர் சிட்டிசன்' என்பதை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். வயதைப் போட்டால் தானாக வந்துவிடும் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். பெரியவர்கள் வேறு பெட்டிக்குப் போய்விட்டால் பதற வேண்டாம். தாண்டிப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம், பக்கத்து ஆளிடம் கேட்டு மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். கீழ் பெர்த்தை விட்டுக்கொடுக்க ஆள் தேடுவதுதான் கஷ்டம்.

அறுபது தாண்டியவர்களுக்கு இருந்த கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தியவர்கள் இன்றுவரை திருப்பித் தரவில்லை. கீழ் பெர்த்தாவது உறுதியாகக் கிடைக்கும்படி செய்திருக்கலாம். அதற்கும் இத்தனை நிபந்தனை. முழங்கால் தேய்ந்த பாட்டி எத்தனை பேரோடு பயணம் போகிறாள் என்பதற்கும் அவள் முழங்காலுக்கும் என்ன சம்பந்தம்? இதை எந்த கவுன்டரிலும் எழுதி ஒட்டியும் வைப்பதில்லை.

காட்பாடியிலிருந்து வெயிட்டிங் காட்டினால் உடனே விட்டுவிடாதீர்கள். வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு வந்து திரும்பும் ஆந்திர, தெலங்கானா நோயாளிகளால் இந்தப் பக்கத்து ரயில்களில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். சேலத்திலிருந்து இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சேலத்திலிருந்து டிக்கெட் எடுத்து, ஏறுமிடம் காட்பாடி என்று குறிப்பிடுங்கள். கொஞ்சம் கட்டணம் கூடும், இடம் உறுதி. எட்டு வயதுப் பிள்ளைக்கு பெர்த் வேண்டும் என்றால் முழுக் கட்டணம்தான்.

ரயில் முடிந்தது. தங்குமிடம்: நாம்பள்ளி, ஆபிட்ஸ், லக்டிகாபுல் பக்கம் பாருங்கள். மெட்ரோ நடக்கும் தூரத்தில் இருக்கிறது. பேக்கேஜ்காரர்கள் ஹைடெக் சிட்டியில் பளபளப்பான ரூமைக் காட்டுவார்கள்; அங்கிருந்து சார்மினார் வந்து சேர்வதற்குள் பாதி நாள் போய்விடும். ஓட்டலுக்கே போன் செய்து, லிப்ட் இருக்கிறதா, வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா என்று கேட்டு, அங்கே போய்ப் பணம் கட்டும்படி பதிவு செய்யுங்கள்.

அந்த டிராவல்ஸ்காரர் கொடுத்த தாளை எடுத்து இன்னொரு முறை பாருங்கள். "திரீ ஸ்டார் அல்லது அதற்கு இணையான" என்று இருக்கும். அந்த 'இணையான' என்ற சொல்லுக்குள் எந்த லாட்ஜையும் நுழைத்துவிடலாம். "சைட் சீயிங்: கோல்கொண்டா, சாலார்ஜங், சௌமஹல்லா" என்று வரிசையாக இருக்கும். நுழைவுக் கட்டணம் சேர்ந்ததா என்று கேளுங்கள், பேச்சு மாறும். அப்புறம் வேன் டிரைவர். முத்துக்குப் பேர்போன ஊர் என்று சொல்லி, வழியில் ஒரு கடை முன்னால் நிறுத்துவார். "சும்மா பாருங்க, வாங்க வேண்டாம்" என்பார். நீங்கள் வாங்குவதில் அவருக்குப் பங்கு உண்டு. என்னிடம் ஆலோசனைக்கு வந்த ராணிப்பேட்டைக் குடும்பம் ஒன்று இப்படி இரண்டு கடைகளில் மாலைப் பொழுதைத் தொலைத்துவிட்டு, கோல்கொண்டா கோட்டை வாசல் பூட்டியபின் போய் நின்றது. முத்து வேண்டுமானால் கடைசி நாள் ஆட்டோ பிடித்து நீங்களாகப் போய் வாங்குங்கள்.

எதை எந்தக் கிழமையில் பார்ப்பது என்று கவனியுங்கள். சாலார்ஜங் மியூசியமும் சௌமஹல்லா அரண்மனையும் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும். மக்கா மசூதித் தொழுகையால் அன்று பழைய நகரத்தில் நெரிசலும் அதிகம். எனவே வெள்ளியை ராமோஜி பிலிம் சிட்டிக்கு வைத்துவிடுங்கள். ஊருக்கு வெளியே வெகு தூரம், முழு நாள் போகும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். டிக்கெட்டை அவர்களுடைய சொந்த இணையதளத்திலேயே எடுங்கள்.

பழைய நகரத்துக்கு ஒரு முழு நாள். மெட்ரோ சார்மினார் வரை போகாது. எம்ஜிபிஎஸ் நிலையத்தில் இறங்கி ஆட்டோவில் சாலார்ஜங் போங்கள். அங்கே பார்க்க ஆயிரம் இருக்கிறது, ஆனால் பகல் 12 மணிக்கு முன்பே மியூசியத்தின் பேர்போன கடிகாரத்தின் முன்னால் இடம் பிடித்து மாமியாரை உட்கார வைத்துவிடுங்கள். மேலே ஒரு கதவு திறந்து, தாடி வைத்த குட்டிப் பொம்மை வெளியே வந்து மணி அடித்துவிட்டு உள்ளே போகும். இன்னொரு பொம்மை சுத்தியலால் நொடிக்கு நொடி தட்டிக்கொண்டே இருக்கும். பன்னிரண்டு மணிக்குத்தான் பன்னிரண்டு அடி கேட்கலாம் என்பதால் கூட்டம் சேர்ந்துவிடும்.

சாப்பாடும் அந்தப் பக்கமே. மதீனா சந்திப்புப் பக்கம் ஷாதாப் என்ற ஓட்டல் இருக்கிறது, பிரியாணிக்குப் போகலாம். ஒன்று சொல்லிவிடுகிறேன், நம் பக்கத்து ஆட்கள் ஹைதராபாத் பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு "வெறும் சோறு மாதிரி இருக்கு" என்று குறைப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. ஆம்பூர் பிரியாணியில் காய்ந்த மிளகாய் விழுதில் கறியை முதலில் வேகவைத்து, பிறகு சீரகச் சம்பாவைச் சேர்த்து தம் போடுகிறோம். மசாலா எல்லாப் பருக்கையிலும் ஏறியிருக்கும். அங்கே தயிரிலும் மசாலாவிலும் ஊறிய பச்சைக் கறியை அடியில் பரப்பி, அரைவேக்காட்டுப் பாசுமதியை மேலே போட்டு மாவால் மூடியை ஒட்டி வேகவைக்கிறார்கள். மேலே வெள்ளைச் சோறு, நடுவில் மஞ்சள், அடியில்தான் மசாலா. கரண்டியைச் செங்குத்தாக அடிவரை இறக்கி எடுக்க வேண்டும். மசாலா கூட வேண்டும் என்று பரிமாறுபவரிடம் தயங்காமல் கேளுங்கள். தால்ச்சாவையும் கத்தரிக்காயையும் தேடாதீர்கள். மிர்ச்சி கா சாலன் தருவார்கள், அதன் புளிப்பும் எள்ளும் நன்றாகவே சேரும். ஆளுக்கு ஒன்று என்று ஆர்டர் செய்ய வேண்டாம். அளவு பெரிது, முதலில் பாதி சொல்லிப் பாருங்கள். பிரபலமான கடைகளின் பெயரை அப்படியே வைத்துக்கொண்டு ஊர் முழுக்கக் கடைகள் இருக்கின்றன. பாவர்ச்சி என்றால் ஆர்டிசி கிராஸ் ரோட்டில் இருப்பதுதான் பழைய கடை.

உங்கள் மாமியாருக்கு ஆபிட்ஸில் தாஜ்மஹால் ஓட்டல் இருக்கிறது. பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், பழைய சைவ ஓட்டல்தான். இட்லி, தோசை, சாப்பாடு எல்லாம் உண்டு. அங்கே அவர் திருப்தியாகச் சாப்பிட்ட பிறகு மற்றவர்களுக்கு பஷீர்பாக்கில் கபே பஹார் தூரமில்லை.

மாலையில் சார்மினார். 1591-இல் கட்டியது. மேலே ஏறும் படிகள் குறுகலாக, செங்குத்தாகச் சுழன்று போகும், பெரியவர்கள் வேண்டாம். பக்கத்திலேயே நிம்ரா கடையில் இரானி டீயும் உஸ்மானியா பிஸ்கட்டும் வாங்கிக் கொடுத்து அங்கேயே நிறுத்திவையுங்கள். நாத்தனாரும் மகளும் லாட் பஜாரில் அரக்கு வளையல் பார்க்கட்டும். சொல்லும் விலையில் பாதியிலிருந்து பேரத்தைத் தொடங்கலாம்.

இன்னொரு நாள் காலை கோல்கொண்டா. உச்சிக்கு ஏறக்குறைய 360 படிகள். மாமியார் ஏற வேண்டியதில்லை. கீழே நுழைவாயில் மண்டபத்தில் கை தட்டினால் அந்தச் சத்தம் உச்சியில் கேட்கும். அவர் கீழே நின்று தட்டட்டும், பிள்ளைகள் மேலே நின்று கேட்கட்டும். 15 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை, ஏஜென்ட் கணக்கில் அவர்களுக்கும் போட்டிருப்பார், பாருங்கள். ஔரங்கசீப் எட்டு மாதம் முற்றுகையிட்டு 1687-இல் பிடித்த கோட்டை இது. நம் ஆற்காட்டு நவாபுகள் ஹைதராபாத் நிஜாமின் மேலாண்மைக்குக் கீழ் இருந்தவர்கள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், ஊர் அந்நியமாகத் தெரியாது. மாலையில் பிர்லா மந்திர் போகலாம், போனை வெளியே ஒப்படைக்க வேண்டும். ஹுசேன் சாகர் படகு நேரமிருந்தால் மட்டும்.

திரும்பும் டிக்கெட்டுக்கு 60 நாள் கணக்கு தனி. நான்கு நாள் கழித்துத்தான் அது திறக்கும், அன்றைக்கும் காலை 8 மணிக்கு உட்காருங்கள். பெரியவர்கள் இருவர் தனியே என்பதை அப்போதும் மறக்க வேண்டாம். ரயில் கிளம்பும் நிலையத்தின் பெயரைப் படித்துப் பாருங்கள்: செகந்திராபாத், காச்சிகுடா, நாம்பள்ளி, சர்லப்பள்ளி என்று பல இருக்கின்றன, ஒன்றுக்கொன்று தூரம். காட்பாடி வரை கிடைக்கவில்லை என்றால் திருப்பதி வரை எடுங்கள். அங்கிருந்து வேலூருக்குப் பஸ் நிறைய இருக்கிறது.