காசு வாங்காமல் எழுதுகிறவர் முட்டாளா?

கேள்வி: பல வருடங்களாகச் சிற்றிதழ்களில் சன்மானம் இல்லாமல் கதை எழுதுகிறேன். "காசுக்காக இல்லாமல் எழுதியவன் முட்டாளாகத்தான் இருப்பான்" என்று ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன் சொன்னதைப் படித்ததிலிருந்து பேனாவை எடுக்கவே மனம் வரவில்லை. பாதிக் கதை அப்படியே கிடக்கிறது. அவர் சொன்னது சரிதானா?
- ஒரு வாசகி

பதில்: சகோதரி, அது ஜான்சன் 1776-இல் பேச்சுவாக்கில் சொன்னது. நண்பர் பாஸ்வெல் அதைக் குறித்துவைத்து, ஜான்சன் இறந்த பிறகு 1791-இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றில் சேர்த்தார். சேர்த்த கையோடு, இலக்கிய வரலாறு தெரிந்தவர்களுக்கு இதை மறுக்க எத்தனையோ உதாரணங்கள் தோன்றும் என்றும் எழுதினார். பொன்மொழித் தொகுப்புகளில் இந்த மறுப்பு மட்டும் காணாமல் போய்விடுகிறது.

சொன்னவர் பட்ட பாட்டையும் பாருங்கள். பணமில்லாமல் ஆக்ஸ்ஃபோர்டு படிப்பைப் பாதியில் விட்டவர். 1755-இல் அகராதி வெளியிட்டுப் பெரும் பேர் வாங்கினார்; அடுத்த ஆண்டே ஆறு பவுண்டுகூட இல்லாத கடனுக்காகக் கைதானார். 1759-இல் தாய் இறந்தபோது ஈமச் செலவுக்காக 'ராசெலாஸ்' கதையை ஒரே வாரத்து மாலைகளில் எழுதி முடித்தார். வயிற்றுப்பாட்டுக்கு எழுதியே காலம் தள்ளிய மனிதர் தன் தொழிலைப் பற்றிச் சொன்ன வார்த்தை அது. உங்களைப் போன்றவரை மனதில் வைத்துச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

உங்களுக்கு ஆங்கில நாவலாசிரியர் அந்தோணி ட்ரோலப்பின் சுயசரிதையைச் சொல்வேன். தபால் துறையில் வேலை பார்த்துக்கொண்டே 47 நாவல் எழுதியவர். காலை ஐந்தரைக்கு மேசையில் உட்கார்ந்து, கடிகாரத்தை எதிரே வைத்து, கால் மணிக்கு 250 வார்த்தை என்று எழுதுவார். தன்னை எழுப்பிக் காபி கொடுக்கும் வேலைக்காரருக்கு ஆண்டுக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார். தன் வெற்றிக்கு வேறு யாரையும்விட அந்த வேலைக்காரருக்கே அதிகம் நன்றிக்கடன் பட்டிருப்பதாகவும் எழுதியிருக்கிறார். ட்ரோலப்பும் காசில் கறார்தான், ஒவ்வொரு புத்தகத்துக்கும் வாங்கியதைப் பட்டியலே போட்டிருக்கிறார். ஆனால் எழுதத் தொடங்கிப் பத்து வருடம் தாண்டி, 1855-இல் 'தி வார்டன்' நாவல் வந்த வருடக் கடைசியில் அதற்குக் கிடைத்தது பத்து பவுண்டுகூட இல்லை. கல் உடைத்திருந்தால் கூலி இதைவிடத் தேறியிருக்கும் என்கிறார். அப்படியும் அடுத்த நாவலை எழுதத்தான் செய்தார்.

பாதிக் கதையை இந்த வாரமே எடுங்கள். ஆசிரியரே கைக்காசு போட்டு நடத்தும் சிற்றிதழுக்குச் சும்மா கொடுப்பதில் ஒரு குறைவும் இல்லை. அப்புறம், விளம்பரம் வாங்கி நடக்கும் பத்திரிகை கதை கேட்டால், சன்மானம் எவ்வளவு என்று கூச்சப்படாமல் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.