மொறிஸ் மைனர் பிக்கப்பின் முன் சஸ்பென்ஷனை வீட்டிலேயே பூட்ட முடியுமா?

1960களின் மொறிஸ் மைனர் பிக்கப் ஒன்றின் முன் வலப்பக்கத்தைக் கழற்றிவிட்டு, திரும்பப் பூட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் பூட்டலாம். நானும் பூட்டினேன், முதல் தடவை பிழையாக.

மாமாவின் பிக்கப் அது. புறக்கோட்டையில் வெங்காய மூட்டை சுமந்து பாதி தேய்ந்தது, மிச்சத்தை வெள்ளவத்தைக் கடற்காற்றும் கறளும் பார்த்துக்கொண்டன. ஜக்கில் தூக்கி முட்டுக்கொடுத்தபடியே எல்லா நட்டுகளையும் பலம் கொண்ட மட்டும் இறுக்கினேன். வண்டியை இறக்கினால் முன்பக்கம் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. சில மாதங்களில் சில்லைத் தாங்கும் கீழ் ஆர்மின் மூட்டில் இருக்கும் றப்பர் வளையம், அதாவது புஷ், பிய்ந்து வெளியே எட்டிப் பார்த்தது. கொட்டாஞ்சேனையில் ஒரு வயதான மெக்கானிக் பாஸ் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்: "தம்பி, தொங்கேக்க றப்பரை இறுக்கினா, இறக்கின பிறகு அது கிழியாம என்ன செய்யும்?"

விஷயம் அவ்வளவுதான். அந்த றப்பர் வழுக்கிச் சுழல்வதில்லை, பிடித்த இடத்தில் இருந்தபடியே முறுகும். தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி சும்மா நிற்கும்போதே அது பாதி முறுகியிருக்கும். ஆகவே புஷ் நட்டுகளை முதலில் கைப்பிடியாக மட்டும் விடுங்கள். சில்லைப் போட்டு இறக்கி, நாலு சில்லுக்கும் அடியில் பலகை வைத்து, முன்பக்கத்தை நாலைந்து தடவை அமுக்கி ஆட்டுங்கள். அப்புறம் கீழே புகுந்து இறுக்குங்கள்.

முறுகியபடியே ஸ்பிரிங்காக வேலை செய்யும் நீளக் கம்பியான டோர்ஷன் பாரை இடம் வலம் மாற்றாதீர்கள். அது ஒரே பக்கமாக முறுகிப் பழகியது. உளியாலோ சுத்தியலாலோ கீறவும் வேண்டாம், கீறிய இடத்தில்தான் பின்னாளில் உடையும். இடப்பக்கத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். எது முன்னே, எது பின்னே என்ற சந்தேகம் வரும்போது எட்டிப் பார்க்க அதைவிட நல்ல படம் கிடையாது.

இனி உயிர் சம்பந்தப்பட்டது: கீழ் ட்ரனியன், அதாவது கீழ் ஆர்மின் நுனியில் இருக்கும் உட்புரி போட்ட துண்டு. ஸ்ரியரிங்கைத் திருப்பும்போது சில்லோடு திரும்பும் நிமிர்ந்த தண்டான ஸ்விவல் பின்னின் அடிப்புரி அதற்குள்தான் சுழல்கிறது. கிறீஸ் காணாமல் புரி தேய்ந்தால் ஒருநாள் ஸ்விவல் பின் கழன்று சில்லு மடிந்து விழும். பெரும்பாலும் மெதுவாகத் திருப்பி நிறுத்தும்போதுதான் விழும் என்பது ஒரு ஆறுதல். காலி வீதியில் பஸ்ஸுக்கு முன்னால் அது நடப்பதை நினைத்துப் பார்க்க மனமில்லை. பழைய ட்ரனியனை ஸ்விவல் பின்னில் திருகி ஆட்டிப் பாருங்கள். தளதளவென்று ஆடினால் தயங்காமல் வீசிவிடுங்கள். பின்னின் புரியும் தேய்ந்திருந்தால் அதையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இடத்துக்கும் வலத்துக்கும் வேறு வேறு என்பதால், பஞ்சிகாவத்தைக்குப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். கடைக்காரர் "ரெண்டும் ஒண்டுதான்" என்றால் அடுத்த கடைக்கு நடங்கள்.

ட்ரனியனுக்குக் கிறீஸ் அடிக்கும்போது சில்லு அந்தரத்தில் இருக்கட்டும், அப்போதுதான் பாரம் தாங்கும் பக்கத்துக்கும் கிறீஸ் போகும். நான் 1000 மைலுக்கு ஒருமுறை அடிக்கிறேன். நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின்கள் எல்லாம் புதிதாக இருக்க வேண்டும், பழையதை நிமிர்த்திப் போடும் சிக்கனம் இங்கே வேண்டாம்.

மேல் ஆர்ம் என்று தனியாக ஒன்று இல்லை, ஷொக் அப்சோபரின் கையே அதுதான். அதன் போல்ட்டுகள் தளர்ந்திருந்தால் மேலே சொன்னது எல்லாம் வீண். கடைசியாக அலைன்மென்ட்: முன் சில்லுகள் உள்நோக்கி 3/32 அங்குலம், அதாவது அவற்றின் முன் விளிம்புகளுக்கு இடையிலான தூரம் பின் விளிம்புகளுக்கு இடையிலானதைவிட அவ்வளவு குறைவாக இருக்க வேண்டும்.