பட்டாளத்து அப்பாவைத் தேடுகிறவர்களுக்கு: சில கேள்விகள், பதில்கள்

நீலகிரியில் பட்டாளத்துக்குப் போய் வந்த பலர், எங்கே இருந்தோம், என்ன பார்த்தோம் என்று வீட்டில் வாய் திறக்காமலே கண்ணை மூடிவிட்டார்கள். என் அப்பாவும் அப்படித்தான். அவருடைய டிரங்குப் பெட்டியில் தொடங்கிய தேடலில் நான் கற்றதை வைத்து, வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன்.

குன்னூரிலிருந்து ஒரு மகன்: ஐயா, அப்பா மதராஸ் ரெஜிமென்டில் இருந்தவர். 1971 போரில் டாக்கா வரை போனார் என்று சித்தப்பா சொல்வார். வீட்டில் இரண்டு பதக்கங்கள் மட்டும் இருக்கின்றன. எங்கிருந்து தொடங்குவது?

அந்தப் பதக்கங்களிலிருந்தே தொடங்குங்கள் தம்பி. முதல் வேலை, பிராசோ போன்ற உலோகப் பாலிஷ் போட்டுத் தேய்க்காமல் இருப்பது. நம் ஊர் ஈரத்தில் பதக்கம் மங்கிப் போகும். பளபளப்பாக்க ஆசைப்பட்டுத் தேய்த்தால் எழுத்தும் சேர்ந்து போய்விடும். வட்டமான பதக்கத்தை விளிம்பு மேலே தெரியும்படி நிறுத்தி, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து மெல்லச் சுழற்றுங்கள். எண், பதவி, பெயர், பிரிவு என்று ஆங்கிலத்தில் பொடியாகப் பொறித்திருப்பார்கள். அந்த எண்தான் உங்களுக்கு வேண்டிய சாவி. சிப்பாயின் எண் 25 என்று தொடங்கினால் அது மதராஸ் ரெஜிமென்ட் வரிசை. பிற்காலத்தில் அவர் சுபேதார் தரத்துக்கு உயர்ந்திருந்தால் 'ஜே.சி.' என்று தொடங்கும் வேறு எண் கிடைத்திருக்கும். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, எந்தப் பதக்கம் என்று பாருங்கள். சங்கிராம் பதக்கம் 1971 போர்க்காலத்தில் பணியில் இருந்தவர்களுக்குப் பொதுவாகத் தரப்பட்டது. எந்தப் போர்முனை என்று அது சொல்லாது. பூர்வி ஸ்டார் கிழக்கு முனைக்கு, பஸ்சிமி ஸ்டார் மேற்கு முனைக்கு. உங்களிடம் இருப்பது பஸ்சிமி ஸ்டார் என்றால் டாக்கா கதை பொருந்தாது. அதனால் மனம் சோர வேண்டாம். மதராஸ் ரெஜிமென்டின் 16-வது பட்டாலியன் அந்த டிசம்பரில் மேற்கே ஷகர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றைக் கடந்து சராஜ் சக்கைப் பிடித்தது. அதே ரெஜிமென்டின் மற்ற பட்டாலியன்கள் வேறு வேறு இடங்களில் இருந்தன. ஆகவே 'மதராஸ் ரெஜிமென்ட்' என்பதோடு நின்றுவிடாதீர்கள். பட்டாலியன் எண் கிடைக்கிற வரை எந்தப் போர்க்களத்தையும் அப்பாவுக்கு உரியதாக எழுதிவைக்காதீர்கள்.

கோத்தகிரியிலிருந்து ஒரு மகள்: அப்பா பணியிலிருந்து விலகியபோது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகம் தொலைந்துவிட்டது. யாரிடம் கேட்பது?

அம்மா குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறாரா? அப்படியானால் பி.பி.ஓ. எனப்படும் ஓய்வூதிய ஆணையை முதலில் தேடுங்கள். எண்ணும் பதவியும் அதிலேயே இருக்கும். பிறகு அப்பாவின் பிரிவினரின் பணிப்பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு எழுதுங்கள். மதராஸ் ரெஜிமென்டுக்கு வெலிங்டனிலேயே இருக்கிறது. மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படை என்றால் பெங்களூரு, பீரங்கிப் படை நாசிக் ரோடு, சிக்னல்ஸ் எனும் தகவல் தொடர்புப் படை ஜபல்பூர், மருத்துவப் படை லக்னோ.

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேட்கலாம். ஆனால் ஒருவரின் பணிப்பதிவு தனிப்பட்ட தகவல் என்பதால் வெறுமனே கேட்டால் மறுக்க வாய்ப்பு அதிகம். நீங்கள் மகள் என்பதற்கான சான்று, அப்பாவின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களை இணைத்துவிடுங்கள்.

பெயர் விஷயத்தில் கவனம் தேவை. நாம் இனிஷியலோடு எழுதும் பெயரை ராணுவ எழுத்தர் இரண்டாகப் பிரித்தோ, தகப்பனார் பெயரைச் சேர்த்தோ எழுதியிருப்பார். ஹட்டியின் (படகர் ஊரின்) பெயரும் அவர் காதில் விழுந்தபடி பதிவாகியிருக்கும். எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனையையும் கடிதத்தில் கொடுங்கள். ஊட்டியில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் விசாரியுங்கள். அப்பா அங்கே பதிவு செய்திருந்தால் எண் கிடைத்துவிடும்.

அரவங்காட்டிலிருந்து: அப்பா போர்க்காலத்தில் கார்டைட் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். அதுவும் ராணுவப் பணியா?

இல்லை, அவர் சிவிலியன் ஊழியர். ரெக்கார்ட்ஸ் அலுவலகத்தில் அவர் பெயர் இருக்காது. தொழிற்சாலையின் பணிப் பதிவேடு பற்றித்தான் கேட்க வேண்டும். போருக்கு வெடிமருந்து செய்தவரின் கதையும் எழுதப்பட வேண்டியதுதான், விடாதீர்கள்.

கேத்தியிலிருந்து ஒரு பெரியவர்: அப்பா இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் சண்டை போட்டவர். பர்மா ஸ்டார் இருக்கிறது. பென்ஷன் இல்லாமல் விலகி வந்தவர். அவருடைய கோப்பு கிடைக்குமா?

ஓய்வூதியம் இல்லாமல் விலகியவர்களின் கோப்பை 25 ஆண்டுகளுக்குப் பிறகு அழித்துவிடுவது ராணுவ விதி. எனவே முழுக் கோப்பை எதிர்பார்க்காமல், 'லாங் ரோல்' பதிவேட்டில் உள்ள விவரம் வேண்டும் என்று அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். சேர்ந்த நாள், விலகிய நாள் போன்ற அடிப்படை விவரங்களுக்கு அதுதான் கதி.

பர்மா ஸ்டார் பற்றி ஒரு வார்த்தை. 1942 மே முதல் 1943 இறுதி வரை வங்காளத்திலும் அசாமிலும் பணி செய்தவர்களுக்கும் அது தரப்பட்டது. அப்பா பர்மா எல்லையைத் தாண்டாமலே அதைப் பெற்றிருக்கலாம். அந்த மழையிலும் மலேரியாவிலும் பாதை போட்டவனின் பாடு சண்டை போட்டவனின் பாட்டுக்குக் குறைந்ததல்ல என்பது என் எண்ணம்.

பிரிவின் பெயர் தெரிந்துவிட்டால், அதன் போர் நாட்குறிப்பு லண்டனில் கியூ (Kew) என்ற இடத்தில் உள்ள பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அங்குள்ள பட்டியலில் பர்மா முனைக்கான ஆவணங்கள் டபிள்யு.ஓ. (WO) 172 என்ற வரிசையில் இருக்கும். சிப்பாய்களின் பெயரை அதில் தேடினால் ஏமாற்றம்தான். பெரும்பாலும் அதிகாரிகளின் பெயர்களே வரும். ஆனால் எந்த நாளில் படை எங்கே முகாமிட்டது, எப்போது நகர்ந்தது என்பது இருக்கும். அப்பா விடுப்பில் வந்த நாட்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கூடலூரிலிருந்து ஒரு மகள்: எங்கள் அம்மா மலேயா ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். நேதாஜி படையில் இருந்ததாகச் சொல்வார். அது எங்கே பதிவாகியிருக்கும்?

நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) பெண்களுக்கென இருந்த ஜான்சி ராணிப் படையாக இருக்கும் அம்மா. கேப்டன் லட்சுமியின் தலைமையில் 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் அதன் பயிற்சி முகாம் தொடங்கியது. மலேயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்ப் பெண்கள் ஏராளமாகச் சேர்ந்தார்கள். இந்திய ராணுவத்தின் எந்த ரெக்கார்ட்ஸ் அலுவலகத்திலும் அவர்கள் பெயர் இருக்காது. அங்கே எழுதிக் காலத்தை வீணாக்க வேண்டாம். டெல்லியில் உள்ள இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தில் ஐ.என்.ஏ. கோப்புகள் இருக்கின்றன. 'அபிலேக் படல்' என்ற அதன் இணையதளத்தில் வீட்டிலிருந்தே தேடலாம். தியாகி ஓய்வூதியத்துக்கு அம்மா எப்போதாவது விண்ணப்பித்தாரா என்றும் பாருங்கள். அந்த விண்ணப்பத்தில் முகாம், ஆண்டு, உடன் இருந்தவர்கள் பெயர் எல்லாம் அவரே சொல்லியிருப்பார். அவர் பர்மாவுக்குப் போனாரா, சிங்கப்பூரிலேயே இருந்தாரா என்பது தெரிந்தால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

ஊட்டியிலிருந்து: அப்பாவுக்கு வீர் சக்ரா கிடைத்ததாக உறவினர்கள் சொல்கிறார்கள். எப்படி உறுதி செய்வது?

வீர விருதுகள் இந்திய அரசிதழில் வெளியாகும். பாதுகாப்பு அமைச்சகத்தின் வீர விருதுகள் இணையதளத்திலும் பெயர் போட்டுத் தேடலாம். அரசிதழில் இல்லை என்றால் எழுதாதீர்கள். அப்பா தன் வாயால் சொல்லாததை நாம் அவர் தலையில் சூட்டுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

மஞ்சூரிலிருந்து: அப்பாவோடு பணி செய்த ஒருவர் பக்கத்து ஊரில் இருக்கிறார். வயது எண்பதுக்கு மேல். என்ன கேட்பது என்று தெரியவில்லை.

கடிதங்களையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் அவரைப் பாருங்கள். சண்டையைப் பற்றி எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். அப்பாவின் குரூப் போட்டோவைக் கொண்டுபோய் ஒவ்வொரு முகமாகக் காட்டுங்கள். லங்கரில் (பட்டாளச் சமையல்கூடத்தில்) என்ன சாப்பாடு, கம்பெனி கமாண்டர் யார், லீவில் வர எத்தனை ரயில் மாறினீர்கள் என்று கேளுங்கள். இடங்களும் ஆண்டுகளும் அந்தப் பேச்சிலேயே வந்துவிடும். அனுமதி கேட்டுக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். போட்டோவின் பின்புறம் பேனாவால் எழுதாதீர்கள். நகல் எடுத்து, அதில் ஒவ்வொரு முகத்துக்கும் எண் போட்டு, அவர் சொல்லும் பெயரைப் பக்கத்தில் குறியுங்கள்.