செகீன்: ஒரு கடிதம்

சார்,

ஹுவான் செகீனைப் பற்றி அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சிக்காக 1982இல் எடுத்த 'செகீன்' பார்த்தேன். காசில்லாமல் எடுத்த படம் என்று போர்க்காட்சி வந்ததுமே தெரிந்துவிடுகிறது. அதைக்கூட விட்டுவிடலாம். ஒரு மெக்ஸிகோக்காரர் டெக்ஸஸ் கலகக்காரர்களோடு சேர்ந்து மெக்ஸிகோவை எதிர்ப்பதுதான் எனக்கு ஒட்டவே இல்லை. குடும்பங்கள் அப்படி இரண்டாக உடைந்ததெல்லாம் நிஜமா, சினிமாவா?

ர., கோவை

அன்புள்ள ர.,

போர்க்காட்சி மேல் எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. டெக்ஸஸ் கலகக்காரர்கள் மெக்ஸிகோ படையை முறியடித்த சான் ஜசிண்டோவில் நிஜச் சண்டையே 18 நிமிடம்தான் நடந்தது என்பார்கள்.

டெக்ஸஸ் அப்போது மெக்ஸிகோவின் பகுதி. அது பிரிந்துபோன 1836 கலகத்தை வெள்ளையருக்கும் மெக்ஸிகோவுக்கும் நடந்த சண்டை என்றே பார்த்துப் பழகிவிட்டோம், அதனால்தான் ஒட்டவில்லை. செகீன் போன்ற உள்ளூர்க்காரர்களின் கோபம் மெக்ஸிகோ ஆட்சியாளர் சாண்டா அன்னா மீது. மாநிலங்களுக்கு அதிகாரம் தந்த 1824 அரசியல் சட்டத்தை அவர் தூக்கிப் போட்டுவிட்டு எல்லாவற்றையும் தலைநகரத்துக்கே இழுத்துக்கொண்டார். சகாடெகாஸ் மாநிலமும் இதே கோபத்தில் எழுந்து 1835இல் அவரிடம் அடிவாங்கியது. அமெரிக்கக் குடியேறிகளின் கணக்கு வேறு, மெக்ஸிகோ 1829இல் அடிமைமுறையை ஒழித்து ஆணையிட்டது, இவர்களோ பருத்திக்காக அடிமைகளோடு வந்தவர்கள்.

குடும்பம் உடைந்தது நிஜம். கிரெகோரியோ எஸ்பார்சா 1836 மார்ச் 6 அன்று, மெக்ஸிகோ படை முற்றுகையிட்டுப் பிடித்த சான் அந்தோனியோ கோட்டையான அலமோவுக்குள் கலகக்காரர் பக்கம் சண்டையிட்டுச் செத்தார், மனைவி பிள்ளைகளும் உள்ளேதான் இருந்தார்கள், அவர்கள் பிழைத்தார்கள். அவருடைய சகோதரர் பிரான்சிஸ்கோ எதிர்ப்பக்கத்து, அதாவது மெக்ஸிகோ பக்கத்துச் சிப்பாய். உள்ளே செத்த மற்றவர்களின் உடல்களை அடுக்கி எரித்தபோது, பிரான்சிஸ்கோ மெக்ஸிகோ தளபதி கோஸிடம் அனுமதி வாங்கி இவரை மட்டும் கல்லறையில் புதைத்தார். ஒரு திரைக்கதைக்காரர் இதை எழுதியிருந்தால் ரொம்ப ஓவர் என்று நாமே சொல்லியிருப்போம்.

செகீன் கதை இன்னும் மோசம். சான் ஜசிண்டோவில் அவருடைய ஆட்கள் தொப்பியில் அடையாளத்துக்குக் காகித அட்டைத் துண்டைச் செருகிக்கொண்டுதான் இறங்கினார்கள், இல்லாவிட்டால் எதிரி என்று நினைத்து சொந்தப் பக்கத்து வெள்ளைக்காரனே சுட்டுவிடுவான். அப்புறம் சான் அந்தோனியோவுக்கு மேயர் ஆனார். டெக்ஸஸ் வெள்ளைக்காரர்களே துரோகி என்று துரத்தினார்கள், 1842இல் மெக்ஸிகோவுக்கு ஓடினார். அங்கே பிடித்து, சிறையா ராணுவமா என்று கேட்டதாக அவரே பிற்பாடு சொன்னார். அதே செப்டம்பரில் மெக்ஸிகோ படையோடு தன் ஊர் மீதே வந்தார்!

அலமோ பற்றி ஜான் வெய்ன் 1960இல் பணத்தைக் கொட்டி ஒரு படம் எடுத்தாரே, அதில் செகீன் ஓரமாக வந்துபோகும் ஒரு கிழவர். அலமோ விழுந்தபோது நிஜச் செகீனுக்கு வயது 29.