பல் டாக்டர் எழுதும் 'கேரிஸ்' எந்த மொழிச் சொல்? அதற்கு வேறு பொருள் உண்டா?

டாக்டர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பயப்படாதீர்கள், சொத்தைப் பல், அவ்வளவுதான். சொல் லத்தீன், 'கரியேஸ்'. உளுத்துப்போவது. ரோமானியர்கள் பெரும்பாலும் மரத்துக்குத்தான் அதைச் சொன்னார்கள். மருத்துவம் எழுதிய கெல்சுஸ் எலும்புக்கும் சொல்கிறார். பல்லுக்கு யாருமே சொல்லவில்லை என்று நான் சொல்லவில்லை. லத்தீன் தெரிந்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

நான் சாமியாருக்குப் படித்துப் பாதியில் வந்தவன். குருமடத்தில் மிஞ்சியது லத்தீன்தான். "செத்த மொழியப் படிச்சு என்னத்தக் கிழிச்ச?" என்று எங்கள் சித்தப்பா கல்யாணப் பந்தியில்கூடக் கேட்பார். போன வருஷம் கடைவாய்ப் பல்லுக்காக வாயைப் பிளந்து கிடந்தபோது டாக்டரம்மா "டீப் கேரிஸ்" என்றார். எனக்கு வலியை மீறி ரோமானியக் கவிஞர் ஓவிட் ஞாபகம் வந்துவிட்டார்.

கி.பி. 8இல் ரோமப் பேரரசர் அகஸ்டஸ் அவரைக் கருங்கடல் ஓரத்துத் தோமிஸுக்கு விரட்டினார். இன்றைக்கு அது ருமேனியாவில் இருக்கிறது. பொழுது போக ஏதாவது எழுதேன் என்ற நண்பருக்கு ஓவிட் சொன்ன பதில்: வெகுநாள் தண்ணீர் காணாத படகு உளுத்து விரிசல் விடும், என் திறமையும் அப்படித்தான். அந்த 'உளுத்து' தான் கரியேஸ். எழுத வரவில்லை என்பதையும் தளை தட்டாத செய்யுளில் புலம்புகிறார், ஆள் லேசுப்பட்டவர் இல்லை!

இளமையில் இன்னும் வேடிக்கை. காதலிக்குக் கடிதமாக எழுதி அனுப்பிய மெழுகுப் பலகை 'இன்றைக்கு முடியாது' என்று திரும்பி வருகிறது. அவளைத் திட்ட மனசில்லை, பலகைக்குச் சாபம் விடுகிறார்: உளுத்த கிழத்தனம் உன்னை அரிக்கட்டும், உன் மெழுகில் பூசணம் பூக்கட்டும்.

எப்போதும் வசைச்சொல் என்றும் நினைக்காதீர்கள். இன்னொரு ரோமானியக் கவிஞர் மார்ஷியல், இத்தாலியின் ஸ்பொலேத்தியம் ஊர் ஜாடியில் கிடந்து 'உளுத்த' பழைய ஒயின், புத்தம்புது ஃபலெர்னியனைவிட மேல் என்கிறார். ஃபலெர்னியன் அந்தக் காலத்தில் பணக்காரச் சரக்கு.

இதையெல்லாம் டாக்டரம்மாவிடம் சொல்லலாமென்றால் வாய் நிறையப் பஞ்சு. ரூட் கேனால், மேலே கேப், எல்லாம் என் கைக்காசு. வருஷா வருஷம் இன்ஷூரன்ஸ் பிரீமியம் கட்டுகிறேன், பல்லுக்கு மட்டும் கிடையாதாம். விபத்தில் உடைந்திருந்தால் பார்க்கலாமாம். பல் என்ன உடம்பில் வாடகைக்கா இருக்கிறது?